இத்தாலிக்காரன் கியரும் எங்கள் வீட்டுக் கார் சாவியும்

செட்டிநாட்டுக்கு இத்தாலி புதிதல்ல. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு என்று சொல்லித்தான் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். பளிங்கைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் கார் கொட்டகையில் நின்ற இத்தாலியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதுதான் ஃபியட் கார்.

கியர் போட்டு ஓட்டும் ஃபியட்டோடு நான் 28 ஆண்டுகள் வாழ்ந்தேன். இப்போது ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஒரு சின்ன மாருதியோடு வாழ்கிறேன். அந்த மாருதிக்குள் இருக்கும் கியர் மாற்றும் பொறியும் இத்தாலிக்காரன் சரக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. காலை நடையில் சேரும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "கியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா? தொட்டில் மாதிரி உட்கார்ந்து போவதா?" அவர்களுக்கு நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஃபியட்டின் குலம் கோத்திரம். பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், சுதந்திரத்துக்குப் பிறகு இத்தாலி ஃபியட்டோடு சேர்ந்து கார் செய்தது. 1964இல் வந்த ஃபியட் 1100 டி-யைத்தான் நம் தலைமுறை "ஃபியட்" என்று சொல்லும். அதற்கு முன் வந்த ஃபியட் 1100களில் முன் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும், நினைவிருக்கிறதா? வேட்டி கட்டியவர்கள் ஏறி இறங்க அதைவிட வசதியான கதவு இன்றுவரை வரவில்லை. 1974 முதல் அந்த 1100 டி பிரீமியர் பத்மினி ஆனது. ராஜபுத்திர ராணி பத்மினியின் பெயர் என்பார்கள். நமக்கென்னவோ நாட்டியப் பேரொளிதான் நினைவுக்கு வருவார்.

இஞ்சின் 1089 சி.சி. இந்த 1089 என்ற எண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1937இல் இத்தாலியில் வந்த ஃபியட் 508 சி காரிலும் இதே அளவு இஞ்சின்தான். என்ஸோ ஃபெராரி தனியாகத் தொழில் தொடங்கி முதன்முதலில் செய்த பந்தயக் கார் 1940இல் ஓடியது. அதன் பெயர் 815. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். அந்தக் காரை அவர் அந்த ஃபியட் 1100இன் அடிச்சட்டத்தையும் உறுப்புகளையும் கொண்டுதான் உருவாக்கினார். ஆக, இன்று கோடிக்கணக்கில் விலை போகும் ஃபெராரியின் முதல் பிள்ளைக்கும் காரைக்குடித் தெருவில் நின்ற பத்மினிக்கும் பாட்டன் ஒருவர்தான். 1969இல் ஃபெராரி நிறுவனத்தின் பாதிப் பங்கை ஃபியட் வாங்கியபோது உறவு முறைப்படியே சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஃபியட்டும் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்தில், ஃபியட் 1100கள் அங்கே சீறிப் பாய்ந்தன. பணக்கார நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று தனியாக வாங்குவார்கள். நமக்கு, கல்யாணத்துக்குப் போன அதே வண்டிதான் பந்தயத்துக்கும் போனது.

இரண்டு சக்கரத்திலும் இத்தாலி நமக்கு உறவுதான். லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை இந்தியாவில் செய்த ஏ.பி.ஐ. நிறுவனம் பின்னாளில் எம்.ஏ. சிதம்பரம் அவர்களின் குழுமத்துக்கு வந்தது. செட்டிநாட்டு அரச குடும்பத்தவர். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அவர் பெயர்தான். இடது கைப்பிடியில் கிளட்சைப் பிடித்து, அதே கைப்பிடியை முறுக்கி கியர் போடும் அந்த வித்தையை நம்மில் எத்தனை பேர் அதில் கற்றோம்! ஃபியட்டுக்கு வருமுன் என் இடது மணிக்கட்டும் லாம்ப்ரெட்டாவில்தான் பழகியது.

நான் கருவூலத்தில் எழுத்தர். புது ஃபியட் வாங்கும் தகுதி சம்பளத்துக்கு இல்லை. 1988இல், ஒரு நகரத்தார் குடும்பம் சென்னைக்கே குடிபோனபோது, அவர்கள் கொட்டகையில் நின்ற 1978ஆம் ஆண்டு பத்மினியை பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். வெண்மையும் இல்லை மஞ்சளும் இல்லை, மோர் நிறம். அன்றைக்கு எங்கள் தெருவில் மூன்றாவது கார்.

அந்த வண்டியின் கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங் தண்டின் இடப்பக்கம் ஒரு மெல்லிய கம்பி, நுனியில் ஒரு குமிழ். ஹேண்ட் கியர் என்போம். நான்கு கியரும் அந்தரத்தில்தான். ஒன்றும் இரண்டும் ஒரு தளம். மூன்றும் நான்கும் இன்னொரு தளம். கம்பியை நம் பக்கம் இழுப்பதா, அந்தப் பக்கம் தள்ளுவதா, மேலா கீழா என்பதைக் கண் பார்க்காமல் கை அறிய வேண்டும். கீழே கியர் இல்லாததால் முன் இருக்கை ஒரே பெஞ்சு. ஓட்டுகிறவரோடு முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் இரண்டு குழந்தைகள் என்று சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போய் வருவோம். நடுவில் உட்கார்ந்தவரின் முழங்காலில் என் கை இடிக்காமல் இரண்டாவது கியர் விழ வேண்டும். அது ஒரு தனிக் கலை.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திவிட்டுக் கோத்துவிடும் வளையத்துக்குத்தான் அந்தப் பெயர். மற்ற மூன்றுக்கும் அது உண்டு. முதலாவதற்கு நாம்தான் அந்த வளையம். ஓடுகிற வண்டியில் முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். சரியாகச் செய்தால் வெண்ணெயில் கத்தி. தவறினால் தெருவே திரும்பிப் பார்க்கும் ஒரு 'கர்ர்ர்'.

நான் பள்ளியில் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். கிளட்சுக்கு அங்கே 'அம்ப்ரெயாழ்' என்பார்கள். கிளட்சை மிதித்து இஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்து விடுவதற்கு 'தெப்ரெயே' என்று ஒரு வினைச்சொல். தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்து வெளியே வருவதற்கும் அதே சொல்தான். அரசு ஊழியர் போராட்டங்களைப் பார்த்த எனக்கு, கிளட்ச் என்றால் என்ன என்று எவரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலை மட்டும் நடக்காது.

அந்த வண்டியோடு வாழ்வது என்றால் அதன் நோய்களோடும் வாழ்வதுதான். ஸ்டீயரிங்கிலிருந்து கியர்ப்பெட்டி வரை போகும் கம்பிகளின் மூட்டுகளில் உள்ள புஷ் தேய்ந்துவிடும். தேய்ந்தால் இரண்டு தளத்துக்கும் நடுவே கியர் சிக்கிக்கொள்ளும். ஏதாவது ஒரு நாற்சந்தியில்தான் சிக்கும். இறங்கிப் பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் தள்ளி விடுவித்துவிட்டு, பின்னால் நிற்கும் லாரிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் மெக்கானிக் பாய், ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார். "சார், மூணாவதுல ஒரு முனகல் இருக்கு, கேட்டீங்களா?" என்பார். நாளடைவில் எனக்கும் கேட்க ஆரம்பித்தது. கியர் வண்டி எனக்குக் கொடுத்த பெரிய வரம் அந்தக் காதுதான். வேகமுள்ளைப் பார்க்காமல், இஞ்சின் எப்போது மூச்சு வாங்குகிறது, எப்போது சும்மா கத்துகிறது என்று தெரிந்துவிடும். குன்றக்குடிப் பக்கம் எதிர்க்காற்று அடிக்கிற நாளில் டாப் கியரிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது, வண்டி "அப்பாடா" என்பது உள்ளங்கைக்குக் கேட்கும்.

ஆனால் அந்த 28 ஆண்டுகளில் ஒரு விஷயம் மாறவே இல்லை. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. என் மனைவி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். நான்கு முறை இஞ்சின் நின்றது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "கையிலே கியரு, காலிலே கிளட்சு, கண்ணு ரோட்டிலே, காது இஞ்சின்லே. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" அதோடு சரி. கடைக்குப் போவதும் கோவிலுக்குப் போவதும் மருத்துவரிடம் போவதும் என் நேரத்தைப் பார்த்துத்தான் நடந்தன. இதை அன்று நாங்கள் இருவருமே ஒரு குறையாக நினைக்கவில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது.

2015 வாக்கில் என் இடது முழங்கால் பேச ஆரம்பித்தது. தேய்மானம். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கார் ஓட்டுவீர்களா? என்ன கார்?" என்று கேட்டார். பத்மினி என்றதும் சிரித்தார். "அந்தக் கிளட்சை மிதிக்கிறது இந்தக் கால்தானே?" ஆமாம், அந்தக் கால்தான். வலது முழங்கால் இன்றும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மகள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், "வண்டியை விற்றுவிடுங்கள் அப்பா, வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் ஊர்த் தெருக்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள். உள்ளே ஒருவரோ இருவரோ, எல்லாருக்கும் எழுபது வயது. இரவு பத்து மணிக்கு நெஞ்சு எரிந்தால், வாடகைக் காருக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அப்போதுதான் அந்த மாருதி செலேரியோவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 2014 பிப்ரவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில் ஏ.எம்.டி. என்ற தானியங்கிக் கியரோடு இந்தியாவில் வந்த முதல் கார். அதற்கு முன் ஆட்டோமேட்டிக் என்றாலே விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்று பயப்படுவோம். அந்தப் பழைய முறையில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் சுழலும் ஒரு உருளை, கியர்ப்பெட்டியே வேறு. ஏ.எம்.டி. அப்படியல்ல. சாதாரணக் கியர்ப்பெட்டி, சாதாரணக் கிளட்ச், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கைகளும் வைத்திருக்கிறார்கள். அதாவது, கார் அதே கியர்க்கார்தான். டிரைவரின் இடது பக்கத்தை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. எனக்கும் கெட்டுப்போனது இடது பக்கம்தான். அதனால் மைலேஜும் குறையவில்லை. கியர்க்காருக்கும் ஏ.எம்.டி.க்கும் கம்பெனி சொன்ன கணக்கு ஒன்றே, லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர்.

அந்தப் பொறியைக் கொடுத்தது மாக்னெட்டி மாரெல்லி என்ற இத்தாலிய நிறுவனம். 1919இல் ஃபியட்டும் எர்கோலே மாரெல்லி என்ற கம்பெனியும் சேர்ந்து, இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மாக்னெட்டோ செய்யத் தொடங்கியது. இந்தப் பொறி அவர்கள் கைக்கு வந்த வழி ஒரு நல்ல கதை.

1989இல் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் காரை வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர். டிரைவர் உட்காரும் இடத்தை ஒடுக்கமாக்க வேண்டும், காற்றைக் கிழிக்கும். அதற்கு இடைஞ்சலாக நின்றது கியர்க் கம்பியும் அதன் இணைப்புகளும். அவற்றையே எடுத்துவிட்டார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் இரண்டு இதழ்கள் வைத்தார். தட்டினால் மின்னணுப் பொறி கிளட்சையும் கியரையும் பார்த்துக்கொள்ளும். மின்னணு வேலை மாக்னெட்டி மாரெல்லியுடையது. சோதனை ஓட்டங்களில் அந்தக் கார் அடிக்கடி நின்று போனது. பிரேசில் நாட்டுப் பந்தயத்தில் அது முடிவுவரை ஓடும் என்று ஃபெராரிக்காரர்களே நம்பவில்லை. நைஜல் மான்செல் அதை ஓட்டினார், நடுவே ஸ்டீயரிங் சக்கரத்தையே மாற்ற வேண்டிவந்தது, ஆனாலும் ஜெயித்தார். முதல் பந்தயத்திலேயே வெற்றி. சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்னில் கியர்க் கம்பியே இல்லாமல் போனது.

1997இல் அதே ஏற்பாடு ஃபெராரி 355 என்ற தெருவில் ஓடும் காருக்கு வந்தது. பிறகு ஆல்ஃபா ரோமியோ, பிறகு ஃபியட்டின் சின்னக் கார்கள் என்று படிப்படியாக இறங்கி, பந்தயத்தில் ஜெயித்து 25 ஆண்டு கழித்து மாருதி வழியாக நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது என்று நண்பர்கள் கேலி செய்யும்போது நான் மான்செலை நினைத்துக்கொள்வேன்.

2016இல் பத்மினியைக் கொடுத்துவிட்டு செலேரியோ வாங்கினேன். பழைய வண்டிகளைச் சீர்செய்து வைத்துக்கொள்ளும் ஒரு கோயம்புத்தூர் இளைஞர் அதை வாங்கிப் போனார். நன்றாகவே வைத்திருக்கிறார் என்று கேள்வி.

முதல் சில மாதங்கள் சுகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.எம்.டி. கியர் மாற்றும்போது ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் எல்லார் தலையும் பூம்பூம் மாடு மாதிரி ஒருமுறை ஆடும். நான் மாற்ற நினைக்கும் இடத்தில் அது மாற்றாது. நான் நினைக்காத இடத்தில் மாற்றும். காதுக்கு "இப்போது" என்று கேட்கும். கைக்கு வேலை இல்லை. சில நாளில் ஒரு உபாயம் பிடிபட்டது. அது மாற்றப் போகிறது என்று காது சொல்லும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்தினால், தலையாட்டல் இல்லாமல் வழுக்கிப் போகிறது. பத்மினி கொடுத்த காது இங்கேயும் வீண்போகவில்லை. லாரியை முந்த வேண்டுமானால் 'எம்' என்ற இடத்துக்குக் கம்பியை நகர்த்தி நாமே கியரை ஏற்றி இறக்கலாம். மேட்டில் நின்று கிளம்பும்போது மட்டும் எங்கள் வண்டி பின்னால் நழுவப் பார்க்கும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துத்தான் கிளம்ப வேண்டும்.

ஆனால் என் கதை இதுவல்ல. மறு ஆண்டு ஒரு நாள் என் மனைவி, "இதிலே கிளட்சு இல்லைதானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏங்க, நானும் ஒருதடவை பார்க்கிறேன்." அவளுக்கு அப்போது 61 வயது.

ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் போய்க் கேட்டோம். அங்கிருந்தவர், எங்களிடம் ஆட்டோமேட்டிக் வண்டி இல்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் "எல்.எல்.ஆருக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டாள். வயதுக்காக மருத்துவரிடம் 1-ஏ படிவம் வாங்கினோம். சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு, விடிகாலையில் அதே மாதிரி ஒரு பொட்டலில், நான் பக்கத்தில் உட்கார, தொடங்கினாள். முதல் இரண்டு வாரம் பிரேக் மட்டும்தான். ஓட்டுவதை விட நிறுத்துவதை முதலில் கற்றாள். மூன்று மாதத்தில் தேர்வுக்குப் போனாள், தேறினாள்.

இங்கே ஒரு சட்ட விஷயம். நம் நாட்டில் இரண்டு சக்கரத்துக்குத்தான் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று தனித்தனி உரிமம். காருக்கு அந்தப் பாகுபாடு இல்லை. இலகு ரக வாகனம் என்று ஒன்றே. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தாலும் கியர்க்கார் ஓட்டலாம். பிரான்சில் இருக்கும் என் உறவினர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். அங்கே ஆட்டோமேட்டிக்கில் தேறினால் அதை மட்டும்தான் ஓட்ட முடியும். சட்டம் அனுமதித்தாலும் அவள் கியர்க்காரைத் தொடுவதாக இல்லை.

2019இல் எனக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை. மதுரையில். போகும்போது நான் ஓட்டினேன். வரும்போது கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு இடப்பக்கம் நான். ஓட்டும் இருக்கையில் அவள். சுமார் 90 கிலோமீட்டர். மேலூர் தாண்டும்வரை நான் என் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். திருப்பத்தூருக்கு முன்னால் அவள் சொன்னாள்: "காலை எடுங்க. தரை ஓட்டையாயிடும்." காரைக்குடி வரும்போது நான் தூங்கியிருந்தேன். கார் ஓடும்போது நான் தூங்கியது என் நினைவில் அதுதான் முதல் தடவை. நான்கு ஆண்டு கழித்து இடது கண்ணுக்குப் போனபோது போகவும் வரவும் அவளே ஓட்டினாள்.

இப்போது பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வங்கிக்கோ மருந்துக்கடைக்கோ போக வேண்டுமானால் என்னைக் கேட்பதில்லை. நேரே அவளிடம்தான் கேட்கிறார். ஆச்சியின் பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில். ஏறி உட்கார்ந்ததும் ஆச்சி தவறாமல் சொல்வது: "மெதுவாப் போ, அவசரமில்லை." அந்த வண்டியும் இவளும் வேறு மாதிரி போனதே இல்லை.

என் வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே வண்டியை மாற்றப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கியர்க்காரில் தடுமாறினால் இஞ்சின் நின்றுவிடும். அது ஒரு பாதுகாப்பு. ஆட்டோமேட்டிக்கில் அது கிடையாது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி பாயும். பதறி இன்னும் அழுத்தினால் இன்னும் பாயும். ஆகவே பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் ஒன்றே. இடது காலை உள்ளே இழுத்து வைத்துவிடுங்கள், அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று. ஏ.எம்.டி.யில் 'பி' என்ற பார்க்கிங் இடம் கிடையாது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் கட்டாயம். செருப்போடு, அதிலும் பின்பட்டை இல்லாத செருப்போடு ஓட்டாதீர்கள். கண்ணும் காதும் கழுத்துத் திருப்பமும் சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயதுக்கு மேல் உரிமம் ஐந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான் என்று சட்டம் வைத்திருப்பது நம்மை அவமதிக்க அல்ல. இயந்திரம் இடது காலைத்தான் வாங்கிக்கொண்டது, புத்தியை அல்ல.

ஃபெராரி இப்போது கியர்க் கம்பி வைத்த கார் விற்பதில்லை. 2009இல் வந்த 458 இட்டாலியாவிலிருந்தே அதற்கு வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய மாடல்களில் கையால் கியர் போடும் வண்டிகளுக்குத்தான் இன்று ஏலத்தில் மிகக் கூடுதல் விலை. புதிதாக விற்றபோது பணக்காரர்கள் பட்டன் வைத்ததைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது கம்பி வைத்ததைத் தேடி அலைகிறார்கள். பம்பாயிலும் 2023 அக்டோபர் கடைசியில் கடைசி பத்மினி டாக்ஸி தெருவை விட்டுப் போனபோது, அதில் ஏறாதவர்கள்கூடப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஏக்கம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்த ஒரு மாலை நினைவுக்கு வந்தால் இடது கை இன்றும் தானே ஸ்டீயரிங் பக்கம் எழும். ஆனால் கியரா ஆட்டோமேட்டிக்கா என்று என்னைக் கேட்டால், இன்பத்தைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ முதலில் சொல்ல மாட்டேன். அந்த வண்டியை வீட்டில் எத்தனை பேர் எடுத்துப் போக முடிகிறது என்று பாருங்கள் என்பேன். கியர் வண்டி எனக்கு ஒரு திறமையைக் கொடுத்தது. இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு இரண்டாவது டிரைவரைக் கொடுத்தது. எழுபதுக்கு மேல் எது பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாவி இப்போது என் சட்டைப்பையில் இல்லை. வாசல் நிலைக்கு உட்புறம் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டியிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை நான் எங்கோ போகலாமென்று கை வைத்தபோது ஆணியில் சாவி இல்லை. தங்கையைப் பார்க்கத் தேவகோட்டைக்குப் போயிருந்தாள். நான் டவுன் பஸ்ஸில் போனேன்.